பச்சைத் திடலில் அடித்த முளை

நான் வேலை பார்த்த குன்றில் இப்போது வீட்டுக்கு வீடு சென்சார் வைத்துவிட்டார்களாம். கேஸ் கசிந்தால் அதுவே மணியடித்து, அதுவே வால்வை மூடி, அதுவே ஆபீசுக்குச் செய்தியும் அனுப்பிவிடுமாம். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெனடிக்ட் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, நீங்க இருக்கும்போ மூக்க வச்சுத்தான் கண்டுபிடிப்பியளாமே, உள்ளதா?" கிண்டல்தான். என் மூக்கு கொஞ்சம் பெரியது. குளச்சலிலிருந்து அல் ஐன் வரை அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். அவசரம் உள்ளவர்கள் சென்சாரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் அங்கே போன கதை பெரிய கதை இல்லை. அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஹெல்பராக இருந்தேன். கண் எரிந்து எரிந்து, இனி இந்த வேலை ஆகாது என்று தெரிந்ததும் கேஸ் பைப் போடும் கம்பெனிக்கு மாறினேன். பைப்பை வெட்டவும் ஒட்டவும் பிரஷர் ஏற்றிப் பார்க்கவும் அங்கேதான் படித்தேன். பரீட்சை எழுதி சர்டிபிகேட்டும் வாங்கினேன். பிறகு அல் ஐனுக்கு வெளியே ஒரு குன்றில் மெயின்டெனன்ஸுக்கு ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். கொஞ்ச நாள்தான் என்று சொல்லி அனுப்பியவர்கள் என்னை மறந்தே போனார்கள். ரிட்டயர் ஆகும்வரை அந்தக் குன்றில்தான் இருந்தேன்.

அதை நாங்கள் இங்கிலீஷ் ஊர் என்போம். ஏதோ ஒரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி தன் எஞ்சினியர்களுக்காகக் கட்டியது. சுற்றிலும் மொட்டைப் பாறை, கீழே ஒட்டகப் பண்ணை, அதைத் தாண்டினால் பேரீச்சந் தோட்டம். இவற்றுக்கு நடுவில், குன்றின் மேல் மட்டும், சரிவான ஓட்டுக் கூரை போட்ட வீடுகள். மழையே பெய்யாத ஊரில் கூரை எதற்குச் சரிய வேண்டும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. வீடுகளுக்கு நம்பர் கிடையாது, பெயர்தான். உச்சியில் ஒரு ஹாலும் அதில் ஒரு மணியும் உண்டு. அதன் கீழே மேல் தெரு. அதற்கும் கீழே, கிண்ணம் போலக் குழிந்த இடத்தில், ஒரு பச்சைத் திடல். திடலுக்குக் கீழே கீழ்த் தெரு. அடிவாரத்தில் குப்பை லாரி திரும்பும் இடத்தில் எங்கள் ரூம்.

அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், ஆனால் தனி ரகம். பார்த்தவுடன் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். தினமும் அதே வெயில்தான், தினமும் புதிதாகப் பேசுவார்கள். பக்கத்து வீட்டு வேலி ஒரு சாண் கூடுதலாக வளர்ந்தால் கமிட்டி கூடும். கமிட்டிக்குத் தலைவி மார்கரெட் மேடம். தலை நரைத்தவர், முதுகு வளையாதவர். அவர் நாயோடு நடந்து வந்தால் தோட்டக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார்கள், எழுந்தார்களா என்று நாயும் பார்க்கும்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய டேங்க் குன்றின் உச்சியில், ஹாலுக்குப் பின்னால், வேலிக்குள் இருந்தது. அங்கிருந்து மண்ணுக்கடியில் மஞ்சள் பைப் ஓடி எல்லா வீட்டு அடுப்புக்கும் போகும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரைமட்டமான ஊரில் கசிந்தால் கசிந்த இடத்திலேயே தேங்கி நாறும். குன்றில் அப்படியில்லை, அது தண்ணீர் மாதிரி இறங்கும். நாற்றம் ஓர் இடத்தில் வரும், ஓட்டை அதற்கு மேலே வேறு எங்கோ இருக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ராசா சேர்.

ராசா சேர் என் சூப்பர்வைசர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. சட்டையில் எண்ணெய்ப் பொட்டு இருந்தும் பார்த்ததில்லை, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் உண்டு. எந்த அவசரத்துக்குப் போன் செய்தாலும் அவர் முதலில் கேட்பது மூன்றே கேள்வி. "எங்க நிக்கிறீர்? காத்து எந்தப் பக்கத்தால வருது? உமக்குப் பின்னால ஆர் நிக்கினம்?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான்காவது வார்த்தை பேச விடமாட்டார். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே கேஸ் கசிகிறது, இந்த மனுஷன் காற்றைக் கேட்கிறாரே என்று பல்லைக் கடித்திருக்கிறேன். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிடும் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

முறைகளும் அவர் வைத்தவைதான். வாசம் வருகிறது என்று கூப்பிட்டால் போனைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். காலிங் பெல்லை அழுத்தக் கூடாது, கையால் தட்ட வேண்டும். உள்ளே லைட் எரிந்தால் எரியட்டும், அணைந்திருந்தால் அணைந்தே இருக்கட்டும். சுவிட்சைத் தொடவே கூடாது. கேஸ் இருந்தால் சத்தம் போடும் டிடெக்டரைத் தரையோடு தரையாகப் பிடிக்க வேண்டும். முதலில் ஆளை வெளியேற்று, பிறகு வால்வை மூடு, அதற்குப் பிறகுதான் தேடு. வெளியேற்றும்போது எப்போதும் மேட்டுப் பக்கம், ஒருநாளும் பள்ளத்துப் பக்கம் இல்லை.

இனி அந்த நவம்பர்.

நவம்பரில் ஒரு நாள் திடல் நடுவே விறகை மலைபோல அடுக்கித் தீ வைப்பது அவர்கள் வழக்கம். எப்போதோ யாரோ ஒருவன் அவர்கள் ராஜாவை வெடிவைத்துக் கொல்லப் பார்த்து மாட்டிக்கொண்டானாம், அதற்கான கொண்டாட்டம். பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்பு இருக்கும். பெரியவர் ஒருவர் பந்தம் பிடித்து விறகைக் கொளுத்துவார். ஊரே வட்டமாக நின்று பார்க்கும். அந்த வருஷம் சாப்பாட்டுக்காகத் திடலின் மேல் ஓரத்தில் ஒரு கூடாரமும் போட்டார்கள்.

நவம்பருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கோடைப் புல் காய்ந்துவிடும், குளிர்காலப் புல் விதைக்க வேண்டும். விதைத்ததும் மேலே சாண எரு கொட்டுவார்கள். ஒரு வாரம் ஊரே நாறும். கீழ்த் தெருவிலிருந்து நாற்றம் நாற்றம் என்று அந்த வாரம் வந்த புகார்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் போய் டிடெக்டரைக் காட்டி, எருதான் மேடம், எருதான் சார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் அவர்களே புகார் செய்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று மாலை, வெயில் இறங்கும் நேரம், கீழ்த் தெருவில் ஒரு வீட்டுச் சமையல்காரப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. கோவாக்காரி, வீணாகக் கூப்பிடுகிறவள் அல்ல. "பாய், இது எரு வாசம் இல்ல," என்றாள் ஹிந்தியில். போனேன். வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. வாசலில் மழைநீர்க் கால்வாய் ஒன்று திடலிலிருந்து இறங்கி வரும். மழையே காணாத கால்வாய். அதன் மூடி ஓரத்தில் டிடெக்டரை வைத்ததும் அது கத்த ஆரம்பித்தது. வீட்டு வால்வை மூடினேன். கத்தல் குறையவில்லை. அந்தப் பெண்ணையும் பக்கத்து வீட்டில் இருந்தவர்களையும் சுற்றுப்பாதை வழியாக மேட்டுக்கு அனுப்பிவிட்டு, தள்ளிப் போய் ராசா சேரைக் கூப்பிட்டேன்.

"எங்க நிக்கிறீர்?"

"கீழ்த் தெரு மேட்டு முனையில, சேர். காத்து வீசவே இல்ல. பின்னால ஒருத்தரும் இல்ல. வால்வ மூடியாச்சு, ரீடிங் இறங்கல்ல."

"அப்ப உமக்கு மேல என்ன இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். மேலே திடல். லைட்டும் ஸ்பீக்கரும் ஓட ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. விறகு மலையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லாத மாலை, கிண்ணம் போலக் குழிந்த திடல். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கும் புரிந்துவிட்டது.

"நான் வாறன். டவுனில நிக்கிறன், நேரம் எடுக்கும். சேவியர், ஓடாதேயும். நீர் ஓடினா சனமும் ஓடும். பள்ளத்துப் பக்கம்தான் ஓடும்."

என் வாழ்க்கையில் ஓடாமல் நடந்தது அந்த ஒரு தடவைதான் கஷ்டமாக இருந்தது. கால் ஓடத் துடிக்கிறது, நான் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடக்கிறேன். திடலின் ஓரம் ஏறியதும் டிடெக்டரைத் தாழ்த்திப் பிடித்தேன். புல் மட்டத்தில் கத்தியது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் நிறுத்தியது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் என் இடுப்பு உயரம்தான்.

மார்கரெட் மேடம் கூடாரத்தருகே நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கொளுத்த வேண்டிய மனிதர், மண்ணெண்ணெயில் நனைத்த பந்தத்தோடு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: கேஸ் மேடம், கீழே, புல்லில், நெருப்பு வேண்டாம், எல்லாரும் மேலே போக வேண்டும், கார் எடுக்கக் கூடாது. அவர் என்னோடு வாதாடுவார், எரு என்பார் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பந்தத்தைப் பக்கத்து மனிதர் கையிலிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த மனிதரின் சட்டைப் பையில் இருந்த லைட்டரையும் கை நீட்டிக் கேட்டு வாங்கினார். பிறகு, முதலில் ஹாலில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம், பிள்ளைகள் முன்னால், வரிசையாக வாருங்கள் என்று வகுப்பெடுக்கும் குரலில் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். வெள்ளைக்காரர்களிடம் வரிசை என்ற ஒரு வார்த்தை போதும். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் ஹாலுக்குப் போகும் படிக்கட்டில் ஏறினார்கள்.

ஜெனரேட்டர் திடலுக்கு மேலே பாதையோரத்தில் இருந்தது. சுவிட்சை அணைத்தால் பொறி பறக்கும். டீசல் வரும் குழாயை மூடினேன். உள்ளே மிச்சம் இருக்கும் டீசல் தீரும்வரை அது ஓடும், நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. படியில் இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஜெனரேட்டர் திக்கியது, மறுபடி ஓடியது, மறுபடி திக்கியது. மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒருவழியாக அது நின்றது.

ஆனால் கேஸ் இன்னும் வந்துகொண்டிருந்தது. எந்த வீட்டிலிருந்து, எந்த இணைப்பிலிருந்து என்று தெரியவில்லை. உச்சிக்குப் போய் மெயின் வால்வை மூட வேண்டும், பிறகு மேல் தெருவில் வீடுவீடாகத் தேட வேண்டும். அப்போதுதான் கூடாரத்துக்குப் பின்னால் முருகேசன் நிற்பதைப் பார்த்தேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், தோட்ட வேலைக் கான்ட்ராக்டில் இருந்த நான்கு பேரில் ஒருவன். காய்ந்த பூமியில் விவசாயம் பார்த்தவன் என்பதாலோ என்னவோ, சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் பதறுவான்.

"ஏம்டே நிக்க? மேல போ. எல்லாரும் போயாச்சு."

"அண்ணே, அது நான் அடிச்ச முளைண்ணே."

"எது?"

"கூடாரத்துக்கு இரும்பு முளை அடிச்சேன். மத்தியானம். புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. தண்ணி டியூப்ல காத்துப் போகுதுன்னு நெனச்சேன். தண்ணி விடாத நேரத்துல அது அப்பிடித்தானண்ணே சத்தம் போடும். போன மாசந்தான் டியூப ஒடைச்சதுக்கு வார்னிங் குடுத்தாய்ங்க. முளையப் புடுங்கி, களிமண்ண அப்பி, சாக்கப் போட்டு, பூந்தொட்டிய வச்சிட்டேன். பொழுது சாஞ்சதும் சரி பண்ணிக்கலாமுன்னு."

அவன் சொன்னது முழுக்க உண்மை. தண்ணீர் நேரம் முடிந்ததும் புல்லுக்குப் பாய்ச்சும் அந்தக் கறுப்பு டியூப்கள் சீறும், பாம்பு என்று பயந்து ஓடியவர்கள்கூட உண்டு. வாசத்தை எரு மறைத்துவிட்டது. மேலே களிமண்ணால் அடைத்ததும் கேஸ் மண்ணுக்குள் பக்கவாட்டில் போய்க் கால்வாயைப் பிடித்துக்கொண்டது. எரு போடும் வாரத்தில், எரு போட்டவன் கையாலேயே, இப்படித்தான் நடக்க முடியும்.

"லே, வால்வு தெரியுமா உனக்கு? டேங்க் கிட்ட, சிவப்புக் கைப்பிடி?"

"பாத்துருக்கேன்."

"கால் சுத்து திருப்பு. கைப்பிடி பைப்புக்குக் குறுக்க நிக்கணும். போ, மேட்டுப் பக்கமா ஓடு."

ஓடினான். நான் தொட்டியை நகர்த்தி, சாக்கை எடுத்து, களிமண்ணை விரலால் தோண்டி, மேலே போகிற கேஸ் மேலேயே போகட்டும் என்று வழி விட்டேன். மஞ்சள் பைப்பில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. முகத்தில் அடித்த அந்த நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அது மெல்லக் குறைந்தது. மேலே வால்வு மூடியாகிவிட்டது என்று அர்த்தம். ராசா சேர் வந்து சேர்ந்தபோது திடல் இருட்டாக இருந்தது, மேலே ஹாலில் யாரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் என் தோளில் கை வைத்தார். அந்த ஒரு தடவைதான் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

முருகேசன் வாயைத் திறந்திருக்காவிட்டால் நான் மேல் தெரு முழுக்கத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். கடைசியில் கண்டுபிடித்திருப்பேன்தான். ஆனால் மெயின் வால்வை மூட நான் ஏறி இறங்கும் நேரத்துக்குள், ஹாலிலிருந்து எவனாவது சலித்துப்போய் இறங்கி வந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் ஹெட் ஆபீசிலிருந்து சேஃப்டி அதிகாரி வந்தார். தோட்டக்காரர்கள் நான்கு பேரையும் திடலில் நிறுத்தி, முளை அடித்தது யார் என்று கேட்டார். முருகேசன் சொன்னது எனக்கும் ராசா சேருக்கும் மட்டும்தான் தெரியும். அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் பூமியைப் பார்த்தேன். அதற்குள் முருகேசனே ஓர் அடி முன்னால் வந்து கையைத் தூக்கிவிட்டான்.

ராசா சேர் குறுக்கிட்டார். டென்ட் போடும்போது பைப் போகும் தடத்தில் பெயின்ட் கோடு போட்டுக் கொடுக்க வேண்டியது மெயின்டெனன்ஸ் வேலை என்றும், முளை அடிப்பதை யாரும் தோண்டுவதாகக் கருதாததால் அது விட்டுப்போனது என்றும், தப்பு முறையில் இருக்கிறது, ஆளில் இல்லை என்றும் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, சாக்குப் போட்டு மறைத்தது மறைத்ததுதானே என்றார். மார்கரெட் மேடம் தானே ஹெட் ஆபீஸுக்குப் போய், கூடாரத்துக்கு இடம் காட்டியது தாம்தான் என்று சொல்லிப் பார்த்தார். மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினார்களாம். தோட்டக் கான்ட்ராக்ட் கம்பெனி முருகேசனின் விசாவை ரத்து செய்துவிட்டது.

அவனை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்த அன்று மற்ற மூன்று தோட்டக்காரர்களும் அவனுடைய பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். ராசா சேர் என்னிடம் சொன்னார்: "உண்மையைச் சொன்னவனை அனுப்பிட்டாங்கள். இனி ஆர் சொல்லப்போயினம்?" எனக்கு அந்த அதிகாரி மேல் வந்த கோபத்தில் அவர் கேட்டது காதிலேயே ஏறவில்லை. அதன்பின் எல்லாத் தடங்களிலும் மஞ்சள் கோடு வந்தது, முளை அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிகள்தான்.

அடுத்த கோடை தொடங்குவதற்குள் கோடுகள் வெயிலில் வெளுத்துவிட்டன. ஒரு நாள் காலை மேல் தெருவில் ரவுண்ட் போகும்போது லேசாக வாசம் வந்தது. எருப் போடும் காலமும் இல்லை. டிடெக்டர் புதர்வேலி ஓரம் நெடுகச் சத்தம் போட்டது. இந்த இடம்தான் என்று சொல்லவில்லை. முந்தின நாள் அங்கே புதுச் செடி வைக்கக் குழி வெட்டியிருந்தார்கள். மேலே போய் வால்வை மூடினேன். வீட்டுக்காரர்களை ஹாலுக்கு அனுப்பினேன். பிறகு தோட்டக்காரர்கள் மூவரையும் கூப்பிட்டேன்.

"யாரு கையில பட்டது? சொல்லுங்கடே, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டேன். கெஞ்சியே கேட்டேன். அவர்களில் மூத்தவன்தான் கடைசியில் பேசினான்.

"முருகேசன் சொன்னான்ணே. வண்டி ஏத்தி விட்டாய்ங்க. நாங்க பாத்துக்கிட்டுத்தான நின்னோம்."

அதற்குமேல் நான் என்ன கேட்க? முட்டி போட்டு உட்கார்ந்து, கைக்கரண்டியால் வேலியின் ஒரு முனையிலிருந்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்தேன். வேலி நீளமானது. கொஞ்ச நேரத்தில் மூவரும் ஆளுக்கொரு கரண்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓட்டை எங்கே என்று தெரியாத நானும், தெரிந்த அவர்களும் சேர்ந்து தேடினோம். வெயில் ஏறியது. வேலியின் நடுப்பகுதி தாண்டி ஓர் இடத்துக்கு வந்தபோது மூன்று கரண்டியும் ஒன்றாக நின்றன. மூவரும் என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தார்கள். நான் அந்த இடத்தைத் தோண்டினேன்.